மறுபடியும் ஹேவ்லாக்தானா?

விடுமுறைக்கு எங்கே என்று கேட்பவர்களிடம் அந்தமானின் ஹேவ்லாக் தீவு என்று சொன்னால், "மறுபடியுமா?" என்கிறார்கள். ஸ்கூபா டைவிங் செய்கிற நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக வரும். மாலத்தீவில் மான்ட்டா திருக்கை பார்த்தாயா, சிமிலன் தீவுகளுக்குப் போனாயா, கொமோடோவின் நீரோட்டத்தில் இறங்கினாயா, ராஜா அம்பாட் எப்போது என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒவ்வொரு டைவையும் குறித்துவைக்கிற லாக் புக்கில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்பதுதான் அங்கே மரியாதை. அவர்கள் போய் வந்த கதைகளைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் பவளத்திட்டுகளை நேசிக்கிறவர்கள் ஒரே திட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், ஒரே ஒரு திட்டையாவது சொந்தத் தெருவைப் போலத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் கொஞ்ச காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. காசு செலவழித்துப் பார்த்ததையே பார்ப்பதா என்கிறார்கள். வாய்ப்பேச்சில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் முறை ஹேவ்லாக் போகிறவர்களின் பயணம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான விமானப் பயணம், அப்புறம் கப்பல், மொத்தம் நாலைந்து நாள். அதில் ஒரு மாலை ராதாநகர் கடற்கரைக்கு, ஒரு பகல் எலிஃபன்ட் பீச்சுக்கு, ஒரு காலை நெமோ ரீஃபில் டைவிங்குக்கு. நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம். பயிற்றுநர் பின்னாலிருந்து டாங்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்திப் போவார், 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, பெரும்பாலும் அவ்வளவு ஆழம்கூடப் போவதில்லை. தண்ணீருக்குள் இருப்பது அரை மணி நேரம். பலருக்கு அது வாழ்நாளின் பெரிய அரை மணி நேரம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, புடவை தவிர வேறெதுவும் உடுத்திப் பழகாதவர், வெட்சூட் மாட்டிக்கொண்டு இறங்கி, கரைக்கு வந்ததும் மகனிடம் "மீன் என் விரலைத் தொட வந்துச்சுடா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை அதே கரையில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என்னை உறுத்துவது அந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிற வேறொன்று.

நீல ஊதாப் படம்

அது ஒரு ஏப்ரல் கடைசி. காற்றே இல்லை, கடல் அசையாமல் கிடந்தது. அந்தமானில் டைவிங் செய்கிறவர்கள் அந்த மாதத்துக்காகக் காத்திருப்பார்கள். மழைக்கு முன்னால் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும், எத்தனையோ மீட்டர் தள்ளியிருக்கும் மீன்கூட்டம் கண்ணுக்குத் தெரியும். மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் 31 டிகிரி காட்டியது. வெட்சூட்டே தேவையில்லை, வெந்நீரில் குளிக்கிற மாதிரி இருக்கிறது என்று போட்டில் எல்லாரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

கூட வந்த தோழி அப்போதுதான் ஓபன் வாட்டர் பயிற்சியை முடித்திருந்தாள். 18 மீட்டர் வரை தனக்கென்று ஒரு டாங்கோடு போகலாம் என்ற உரிமை கையில் வந்த உற்சாகம். சின்னக் கேமரா ஒன்று வைத்திருந்தாள். இரண்டு டைவ்களுக்கு நடுவே போட்டில் தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எடுத்த படம் ஒன்று கைமாறி வந்தது. மான்கொம்புப் பவளம். அதன் கிளைகள் முழுக்க நீலமும் ஊதாவும் கலந்து, உள்ளே விளக்குப் போட்ட மாதிரி ஒளிர்ந்தன. நுனிகளில் மட்டும் வெள்ளை. பார்த்தவர்கள் எல்லாரும் "எடிட் பண்ணினியா?" என்றுதான் கேட்டார்கள். "இல்ல, அப்படியேதான் இருந்துச்சு" என்றாள். அந்தப் பயணத்தின் படம் அதுதான் என்று போட்டே முடிவு செய்தது. எனக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்கள் டைவ் கைடு போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவராம். எங்களிடம் தமிழிலும், படகோட்டியான மாயாபந்தர்க் கரேன்காரரிடம் இந்தியிலும் மாறி மாறிப் பேசுவார். கேமரா அவர் கைக்குப் போனது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பெரிதாக்கி நுனிகளைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "நல்லா எடுத்திருக்கீங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் பக்கத்தில் போய், "என்னண்ணே?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சூடு தாங்காம இருக்குது. இன்னும் ரெண்டு வாரம் இதே சூடு இருந்துச்சுன்னா வெள்ளையாயிரும். மழ சீக்கிரம் வந்தா பொழச்சுக்கும்."

பவளம் வெளிறுவது எப்படி என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரிந்திருக்கும். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறம் தருவது பெரும்பாலும் அவைதான், அதன் உணவில் 90% வரை சூரிய ஒளியிலிருந்து சமைத்துத் தருவதும் அவைதான். ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட கடல் வெறும் 1 டிகிரி கூடுதலாகச் சூடாகி அது சில வாரம் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. திசு கண்ணாடி மாதிரியாகி, அடியிலுள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. அப்போதும் அது உயிரோடுதான் இருக்கும், ஆனால் பட்டினி. கடல் குளிர்ந்தால் பாசிகள் திரும்ப வரும். குளிராவிட்டால் சாவுதான்.

எனக்கு அதுவரை சரியாகப் பிடிபடாமல் இருந்தது அந்த நீலம். சில பவளங்கள் நேராக வெள்ளையாகிவிடுவதில்லை. பாசிகள் குறைந்ததும் வெளிச்சம் வெள்ளை எலும்பில் பட்டுத் திசுவுக்குள்ளேயே எதிரொளிக்கிறது. அந்த அதிகப்படியான வெளிச்சம் பட்டதும் பவளம் தன் சொந்த நிறமிகளை மிகுதியாகச் சுரக்கத் தொடங்குகிறது. நீலம், ஊதா, பளீரென்ற மஞ்சள், இளஞ்சிவப்பு. வெயிலுக்குக் குடை பிடிக்கிற வேலைதான் அந்த நிறமிகளுக்கு, பாசிகள் திரும்பி வருவதற்கு அது உதவக்கூடும் என்று 2020இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆக, போட்டில் நாங்கள் கைமாற்றி ரசித்த படம் ஒரு பவளம் பிழைப்பதற்காகப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தது. அதன் மிக அழகான தோற்றமும் மிக மோசமான நாட்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. முதல் முறை வருகிறவர் கண்ணுக்கு இந்த இரண்டும் எப்படித் தனித்தனியாகத் தெரியும்? தெரிய வழியே இல்லை. அந்தப் பவளம் போன டிசம்பரில் என்ன நிறம் என்று பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ஏன் சொல்வதில்லை

அன்று மாலை டைவ் கடையின் வாசலில் டாங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் சத்தத்துக்கு நடுவே அவரிடம் மறுபடி பேச்சுக் கொடுத்தேன். படத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் இத்தனை நாளாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன். "இங்க வர்றவங்க எல்லாரும் சந்தோஷமாத்தான் திரும்பிப் போறாங்க. லீவு போட்டு, காசு சேத்து வர்றாங்க. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நான் சொன்னா அவங்க சந்தோஷம் போயிரும். அவங்களால என்ன செய்ய முடியும்? அதனால சொல்றதில்ல."

அவருக்குத் தெரிந்த 'முன்னாடி' பெரியது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் பக்கம் கடல்தரையே உயர்ந்து பவளத்திட்டுகள் வெளியே தெரிந்து காய்ந்து செத்ததை அவருடைய உறவினர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 2010 ஏப்ரல், மே மாதங்களில் அந்தமான் கடல் சூடானபோது அவர் இதே தீவில் தினமும் தண்ணீருக்குள் இருந்திருக்கிறார். அந்த ஆண்டு ஹேவ்லாக் பகுதியில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பவளம் வெளிறிப்போயிருந்தது. எந்தத் திட்டில் மேசை மாதிரி விரிந்த பவளங்கள் அடுக்கடுக்காக இருந்தன, எது அப்புறம் உடைந்து சில்லுச் சில்லாகக் கிடந்தது, எது மறுபடி முளைத்தது என்று கையை நீட்டித் திசை காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசியிருப்பார். எந்த நோட்டிலும் இல்லாத செய்தி அது. அவர் தொழிலை விட்டுவிட்டுப் போர்ட் பிளேருக்குக் குடிபோனால் அவரோடே போய்விடும்.

அவரை நான் குறை சொல்லவில்லை. விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனிதர். ஆனால் ஒரு தீவு முழுக்க இப்படி நல்ல மனிதர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, அப்போது மிச்சமிருப்பதைப் பார்த்து, இதுதான் பவளத்திட்டு என்று மனதில் பதிந்துகொண்டு போவார்கள். பத்து ஆண்டு கழித்து அதில் பாதிதான் இருக்கலாம். அப்போது புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து அதே அளவு மகிழ்ச்சியோடு போவார்கள். குறைந்துபோனது யாருக்கும் தெரியாது.

இதற்குப் படச் சான்றே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கீ வெஸ்ட் என்ற ஊர், பவளத்திட்டுக் கடல். அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைப்பார்கள். கரைக்கு வந்ததும் அன்றைய பெரிய மீன்களைப் பலகையில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். லோரன் மெக்ளெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையான அந்தப் படங்களைத் தேடி எடுத்து மீன்களை அளந்தார். ஐம்பதுகளில் தொங்கிய மீனின் சராசரி எடை சுமார் 20 கிலோ. கடைசிப் படங்களில் 2.3 கிலோ. ஆள் உயரத்துக்கு நின்ற பெரிய களவா மீன்களும் சுறாக்களும் மறைந்து, கையகல மீன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் படகுக் கட்டணம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்திருக்கிறது. அந்தப் படங்களைப் பாருங்கள், மீன் சிறுத்துக்கொண்டே போகிறது, பக்கத்தில் நிற்கிறவர்களின் சிரிப்பு மட்டும் சிறுக்கவே இல்லை. அவர்கள் யாரும் ஏமாற்றப்படவில்லை. ஒவ்வொருவரும் அந்தக் கடலை முதல் முறை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்டதையே இயல்பு நிலை என்று வைத்துக்கொள்கிறது, அதனால் மொத்தமாக எவ்வளவு போயிருக்கிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அவர் சொன்னது மீன்வள ஆய்வாளர்களைப் பற்றி. விடுமுறை டைவர்களுக்குத் தலைமுறைகூட வேண்டாம், ஒரு பருவம் போதும்.

நம் பக்கத்தில் இந்தக் கூட்டலைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆறுதல். லட்சத்தீவில் அகத்தி, கட்மத், கவரத்தி திட்டுகளில் 1998இலிருந்து ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்திருக்கிறார்கள். 24 ஆண்டுகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 37 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. 1998, 2010, 2016 என்று மூன்று பெரிய வெப்ப அலைகள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் திட்டு எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறது, முழுதாக எழுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு 24 ஆண்டுகள் ஒரே இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நடுவில் ஏதோ ஓர் ஆண்டு போய்விட்டு வந்தவருக்கு இதில் ஒரு சொல்கூடக் கிடைக்காது.

ஒரு போரைட்டிஸின் உச்சி

திரும்பப் போவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நெமோ ரீஃபில் உள்ள ஒரு போரைட்டிஸ் பவளத்தைப் பற்றி. கரையிலிருந்தே நீந்திப் போய்விடலாம். ஆறேழு மீட்டர் ஆழத்தில் மணலில் தனியாக, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. இந்த வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வாக்கில்தான் வளரும். 1858இல் அந்தமானில் ஆங்கிலேயர்கள் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றத் தொடங்கிய காலத்தையொட்டி அது பிறந்திருக்கலாம். டைவிங் கற்றுக்கொள்கிறவர்கள் அதைச் சுற்றித்தான் மாஸ்க்கில் தண்ணீர் வடிக்கவும் மூச்சுவிட வாயில் வைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டவும் பழகுவார்கள். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. கோமாளி மீன் இருக்கும் கடல் சாமந்தியைத் தேடிப் போய்விடுவார்கள்.

முதலில் நானும் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். இரண்டாவது பயணத்தில்தான் அதன் உச்சி செத்திருப்பது கண்ணில் பட்டது. மேலே தட்டையாக, சாம்பலும் பச்சையுமாகப் பாசி படிந்த பரப்பு. பக்கவாட்டில் தேன் நிறத்தில் உயிர்த் திசு. இரண்டுக்கும் நடுவே சாக்பீஸால் இழுத்த மாதிரி தெளிவான கோடு. வெளிறல் வெறும் சூட்டினால் மட்டும் வருவதில்லை, சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் வரும். உச்சிக்கு வெயில் அதிகம், அதனால் உச்சி முதலில் போயிருக்கிறது. சரிவான பக்கங்கள் தப்பியிருக்கின்றன. அந்தப் பக்கங்களில் கிறிஸ்துமஸ் மரப் புழுக்கள் நீலம், ஆரஞ்சு, மஞ்சளில் சுருள் சுருளாக விரிந்திருக்கும். நம் நிழல் மேலே விழுந்த கணத்தில் அத்தனையும் துளைக்குள் போய்விடும். மூச்சை அடக்காமல், நீளமாக மெதுவாக விட்டுக்கொண்டு, துடுப்பு அடிக்காமல் ஒரு கை தள்ளி மிதந்துகொண்டிருந்தால் ஒன்றொன்றாக வெளியே வரும். முதலில் பாதி, சற்றுப் பொறுத்து முழுச் சுருள். பக்கத்திலேயே கிளிமீன் கடித்த தடம், வெள்ளையாக இரட்டைக் கீறல். காதைக் கொடுத்தால் அது கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும்.

அதற்கடுத்த பயணங்களில் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடினேன். உயிர்த் திசு செத்த உச்சியின் மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு விரல் அகலம், அது புது வளர்ச்சி. அப்புறம் ஒரு முறை உச்சியின் நடுவில், பாசிக்கு நடுவே, உள்ளங்கையைவிடச் சிறிய அக்ரோபோரா, அதாவது மான்கொம்பு இனப் பவளம் ஒன்று முளைத்திருந்தது. எங்கிருந்தோ மிதந்து வந்த குஞ்சு, 1858 வாக்கில் தொடங்கிய ஒரு மாளிகையின் இடிந்த மாடியில் இடம் பிடித்திருக்கிறது. எனக்குக் கொமோடோவின் மான்ட்டாவைப் பார்த்தாலும் இவ்வளவு மகிழ்ச்சி வந்திருக்காது என்று நம்புகிறேன். போட்டில் ஏறியதும் கைடு அண்ணனிடம் சொன்னேன். "அந்தப் பெரிய உருண்டையா? மேலயா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த டைவில் வேண்டுமென்றே அந்த வழியாகப் போனார். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஓகே காட்டினார்.

இங்கே எனக்கு ஒன்று தெளிவானது. பவளத்திட்டுக்குப் போய்வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று, "சூப்பர், சொர்க்கம்." இல்லையென்றால், "ஐயோ, எல்லாம் செத்துப்போச்சு, இனி ஒண்ணுமில்ல." 2024 ஏப்ரலில் உலகளவில் நான்காவது பெரிய வெளிறல் நடந்துகொண்டிருக்கிறது என்று அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனமான நோவா அறிவித்த பிறகு இரண்டாவது பேச்சு அதிகமாகிவிட்டது. இரண்டும் ஒரே ஒரு முறை பார்த்தவர்களின் பேச்சு. திட்டு சாகவும் செய்கிறது, எழவும் செய்கிறது, இரண்டும் ஒரே பாறையின் மேல் கை அகல இடத்துக்குள் நடக்கிறது. ஒரு முறை பார்ப்பது ஒரு படம். கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று அதில் தெரியாது.

திரும்பப் போகிறவர்களால் வேறொரு நன்மையும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவில் விடுமுறை டைவர்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. பெரும்பாலானவர்கள் ஒரு தடவையாவது பவளத்தில் மோதுகிறார்கள், அதிலும் பெரும்பாலும் துடுப்பால், பலருக்கு மோதியதே தெரிவதில்லை. கேமரா வைத்திருப்பவர்கள் கூடுதலாக மோதுகிறார்கள். இறங்குவதற்கு முன் போட்டில் சொன்ன சுருக்கமான அறிவுரையால் பெரிய பலன் இல்லை, தண்ணீருக்குள் கைடு குறுக்கிட்டுத் திருத்தியபோதுதான் மோதல் குறைந்தது. நாலு நாள் விடுமுறையில் எல்லாமே அவசரம். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பதால் கடைசி நாளும் போய்விடும். இருக்கிற இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அடித்துக்கொண்டு நீந்துகிறவருக்கு மிதப்பைச் சரிசெய்துகொண்டு அசையாமல் நிற்கப் பொறுமை எங்கிருந்து வரும்? இடம் தெரிந்தவருக்குத் தேட வேண்டிய அவசரம் இல்லை. அசையாமல் நிற்பார்.

தோழியோடு தீராத வழக்கு

அந்த நீல ஊதாப் படத்தை எடுத்த தோழிக்கு அன்றிரவே விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். சந்தோஷம் போய்விடும் என்று கைடு அண்ணன் பயந்தது நடக்கவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு, தனக்கு யாரும் போட்டிலேயே சொல்லவில்லையே என்று. "நான் என்ன குழந்தையா?" என்றாள். மறுநாள் அதே திட்டுக்குப் போகலாம் என்று அவளே கேட்டாள், அந்தப் பவளத்தை நாலு பக்கமும் சுற்றி, அடையாளத்துக்குப் பக்கத்துப் பாறையையும் சேர்த்துப் படம் எடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் பருவம் முழுக்கக் கைடு அண்ணனோடு வாட்ஸப்பில் பேச்சு. மழை வந்ததா, நிறம் திரும்பியதா என்று. மே கடைசியில் மழை வந்தது. கிளைகளில் ஒரு பகுதி செத்துப் பாசி பிடித்துவிட்டது, மீதி பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிட்டது. பழுப்புதான் அதன் ஆரோக்கியமான நிறம். அந்த மங்கலான பழுப்புப் படத்தை அவள் இன்னும் போனில் வைத்திருக்கிறாள்.

ஆனால் என் கட்சியை அவள் முழுதாக ஏற்கவில்லை. அவள் வாதம் இது: நீ பத்து ஆண்டு அந்த உருண்டையின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கடல் சூடாவது நிற்காது. அனல் மின்நிலையப் புகையால் வருகிற சூட்டுக்கு உன் லாக் புக் என்ன செய்யும்? அதோடு ஒவ்வொரு முறையும் நீ விமானத்தில்தானே போகிறாய்? இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதல் கேள்விக்கு ஒன்று சொல்வேன். நோட்டு கடலைக் குளிரவைக்காது, உண்மை. ஆனால் நாம் போய்ப் பார்த்த திட்டுக்கு எதிராக ஒரு துறைமுகமோ, ஒரு சுற்றுலா விடுதியின் கழிவுக் குழாயோ வரும்போது, "இங்கே பெரிதாக ஒன்றும் இல்லையே" என்று சொல்ல வருபவரிடம், இந்த இடத்தில் இன்ன தேதியில் இது இருந்தது என்று சொல்ல யாராவது வேண்டும். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பவளத்திட்டுகளை நாள்தோறும் பார்த்தவர்கள் மீனவர்களும் சங்கு குளிப்பவர்களும்தான். அவர்கள் அறிந்ததை உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்கள் மிகக் குறைவு. 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன.

எழுதிவைப்பதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோரல்வாட்ச் என்ற திட்டத்தில் உள்ளங்கை அளவு நிற அட்டை ஒன்று இருக்கிறது. ஓரங்களில் ஒவ்வொரு சாயலிலும் 1 முதல் 6 வரை, வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை, கட்டங்கள். பவளத்துக்குப் பக்கத்தில், தொடாமல், பிடித்துக்கொண்டு அதன் மிக வெளிறிய பகுதி எந்த எண், மிக அடர்ந்த பகுதி எந்த எண் என்று குறித்தால் போதும். ஆழம், தண்ணீரின் சூடு, தேதி. ஒரு பவளத்துக்கு ஒரு நிமிடம் ஆகாது. கைடு அண்ணனுக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறேன். முதலில் தயங்கினார், வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று. இப்போது பயிற்சி முடித்த டைவர்களிடம் "இன்னிக்கு ஒரு வேலை இருக்கு, உதவி பண்றீங்களா?" என்று அவரே கேட்கிறாராம். பெரும்பாலானவர்கள் ஆசையாகச் செய்கிறார்களாம். முன்னால் எப்படி இருந்தது என்று அவர்களாகவே கேட்கிறார்கள், இவரும் சொல்கிறார்.

தோழி வரும் ஜனவரிக்குச் சிமிலனில் இடம் பிடித்துவிட்டாள். அங்கே தாய்லாந்து அரசு ஆண்டுதோறும் மே பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை தீவுகளையே மூடிவிடுகிறது, அதனால் ஹேவ்லாக்கைவிட அங்கே பவளம் நன்றாக இருக்கும் என்பது அவள் கட்சி. நீ முன்னால் அங்கே போனதில்லையே, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வாய் என்று கேட்டேன். அதற்கு அடுத்த ஆண்டும் போக வேண்டியிருக்கும் என்றாள். அட்டையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் மார்ச் கடைசிக்கு ஹேவ்லாக் கப்பல் சீட்டு எடுத்திருக்கிறேன், சூடு ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை எண்களைக் குறித்துவிட வேண்டும்.